சோத்தாங்கைப் பக்கத்துச் சக்கரம்

"சாமி, நான் எப்பத்தானுங்க போறது?"

பொங்கியண்ணன் கேட்டாரு.

பாவாயி சாமி கடலைக்காய் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணை உடைச்சு, தோலை ஊதி, பருப்பை வாயில போட்டு, மென்னு முழுங்கி முடிக்கற வரைக்கும் பதில் இல்ல.

"எங்கீங்ணா போகோணும்?"

"புதூருக்குங்க. அடிவாரத்துல. அந்த ஊர்க்காரங்க தகரக் கொட்டாய் போட்டு, மேடை கட்டி, மைக்செட் கூட வாங்கி வெச்சுட்டாங்க. உக்கார ஒரு சாமி இல்லாம மேடை சும்மா கெடக்குதுன்னு தினமும் ஆள் அனுப்பறாங்க. நீங்க ஒரு வார்த்தை சரின்னா, நான் போயி உக்காந்துக்குவேன்."

"ம்ம்."

"இது சரிங்கற 'ம்ம்'ங்களா, வேண்டாங்கற 'ம்ம்'ங்களா?"

சாமி இன்னொரு கடலைக்காயை எடுத்தாங்க.

*

சாமிக்கு நாப்பத்திரெண்டு வயசு. பொங்கியண்ணனுக்கு அம்பத்தெட்டு.

அவங்க இவரை அண்ணான்னு கூப்புடுவாங்க. இவரு அவங்களை சாமின்னு கூப்புடுவாரு. கால்ல விழறது இவரு. விழுந்த எடத்துல முழங்கால் பிடிச்சுக்கிட்டா, கை குடுத்துத் தூக்கி விடறது அவங்க.

மடம்னு சொல்லிக்கற மாதிரி அங்க பெருசா ஒண்ணுமில்ல. மலை மேல ஒரு ஓட்டு வீடு, ஒரு முருங்க மரம், பக்தர் ஒருத்தர் குடுத்துட்டுப் போன பழைய வெள்ளைக் காரு. அவரு பக்தியில குடுத்தாரா, தொல்லை விட்டுச்சுன்னு குடுத்தாராங்கறது அந்தக் காருக்குத்தான் வெளிச்சம்.

சாமி ஆகறதுக்கு முந்தி பாவாயி நாமக்கல் பக்கம் அவங்கப்பன் லாரிப் பட்டறையில பிரேக் வேலை பாத்தவங்க. ஒரு நாள் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு மலையேறி வந்துட்டாங்க. ஏன்னு கேட்டா, "ம்ம்"தான்.

பொங்கியண்ணன் டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. மலையேறி எட்டு வருசம் ஆச்சு. எட்டு வருசத்துல சாமிகிட்ட என்ன கத்துக்கிட்டாருன்னா, எல்லாத்தையும் கத்துக்கிட்டாரு. இருமல் வரைக்கும்.

சாமியோட "ம்ம்" நாலு தினுசு.

ஒண்ணு, மாடு அசை போடற "ம்ம்". ஒண்ணு, பானைய மூடற "ம்ம்", டப்புன்னு முடிஞ்சிரும். ஒண்ணு, குளிர்ல ஸ்டார்ட் ஆகாத டிராக்டர் "ம்ம்ம்ம்ம்…", இழுத்து இழுத்து அடங்கிரும். நாலாவதுக்குச் சத்தமே கெடையாது, கழுத்து மட்டும் லேசாச் சாயும்.

நாலும் பொங்கியண்ணனுக்கு அத்துப்படி. துண்டைத் தோள்ல போடறது, பேசறதுக்கு முந்தி மூக்கு நுனியைத் தொடறது, தலையைச் சாய்க்கறது, எல்லாம் அப்படியே பாவாயி சாமி. மீசை மட்டும் உபரி.

புதூர்க்காரங்க அதைப் பாத்துத்தான் சொக்கிப் போனாங்க. சாமி மலை மேல இருக்கறாங்க, ஏறிப் போக மூச்சு வாங்குது. இவரும் அதே சரக்குத்தான், கீழயே வர்றேங்கறாரு. விடுவாங்களா?

நடுவுல ஒரே ஒரு சங்கதிதான் இடிச்சுது.

மாரப்பன் சங்கதி.

*

போன மாசம் வையாபுரின்னு ஒருத்தர் வந்தாரு. கூடப் பொறந்த அண்ணனை வாய்க்கு வந்தபடி பேசி, வெளிய தள்ளி, கதவைச் சாத்தினவரு. அண்ணன் போயி அடுத்த தெருவுல ஒரு வீடு பாத்துக்கிட்டாரு. சாத்தின நாள்ல இருந்து வையாபுரிக்குத் தூக்கமில்ல.

"நான் என்னங்க பண்றது சாமி?"ன்னு அழுதாரு.

சாமி மூக்கு நுனியைத் தொட்டாங்க. தலையைச் சாய்ச்சாங்க.

"போய் அவரு கதவைத் தட்டுங்க."

போய்த் தட்டினாரு. அண்ணன் தெறந்தாரு. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதுட்டு, அடுத்த வாரம் ஒரு பலாப்பழத்தோட மலையேறி வந்தாங்க. பொங்கியண்ணன் பதினோரு சுளை சாப்பிட்டாரு.

அந்தப் பலாப்பழ வாசம் போறதுக்குள்ள மாரப்பன் வந்தாரு. அன்னைக்குன்னு பாத்து சாமி இல்ல, தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாங்க.

மாரப்பனுக்கும் அண்ணன் தம்பி தகராறுதான். கிணத்து மோட்டாரை யாரு எந்த நாள் போடறதுன்னு ஆரம்பிச்சு, தம்பி அங்கமுத்து இவரை அடிச்சு வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாரு. மாரப்பன் எதிர்த்தாப்புல மாட்டுக் கொட்டாயில படுத்துக் கெடந்தாரு.

"நான் என்னங்க பண்றது?"

பொங்கியண்ணன் சாமியோட பலகையில உக்காந்தாரு. மூக்கு நுனியைத் தொட்டாரு. தலையைச் சாய்ச்சாரு.

"போய் அவரு கதவைத் தட்டுங்க."

போய்த் தட்டினாரு. தம்பி தெறந்தாரு.

கையில உலக்கை இருந்துச்சு.

ஏழு தையல்.

சாமி திரும்பி வந்ததும் பொங்கியண்ணனே எல்லாத்தையும் சொன்னாரு. ஒளிக்கற ஆளில்ல அவரு. "நீங்க சொன்னதைத்தானுங்க சொன்னேன். ஒரு எழுத்து மாத்தல. அந்த ஆளு தட்டின விதம் சரியிருந்திருக்காது."

சாமி "ம்ம்ம்ம்ம்…"னாங்க.

டிராக்டர்.

*

கடலைக்காய்த் தோலை மடியில இருந்து உதறிட்டு சாமி எந்திரிச்சாங்க.

"வண்டி நிக்குதுங்களாண்ணா?"

"வாசல்லதானுங்க நிக்குது."

"மிதிச்சா."

"ஓ, மிதிச்சாங்களா. நிக்குமுங்க. கொஞ்சம் தள்ளி நிக்கும்."

"எவ்வளவு தள்ளி?"

"நம்ம கேட்டுகிட்ட மிதிச்சா பக்கத்துத் தோட்டத்து ராக்கியண்ணன் சாணிக் குழிகிட்ட நிக்கும்."

"குழிக்கு இக்கட்டாலயா, அக்கட்டாலயா?"

பொங்கியண்ணன் தன்னோட செருப்பைப் பாத்துக்கிட்டாரு.

"நேத்து உள்ளாறைங்க."

சாமி காரைச் சுத்தி ஒரு நடை நடந்தாங்க. "பின்னாடி பிரேக் தேஞ்சு போச்சு. புதுக் கட்டை வாங்கி வெச்சிருக்கேன். மாத்திட்டு இதுலயே புதூர் போவோம். நானும் வர்றேன்."

"அப்பச் சரிங்களா சாமி? நான் போகலாமுங்களா?"

"வண்டி நின்னா, போலாம்."

பொங்கியண்ணனுக்கு வாயி காது வரைக்கும் போச்சு. மலையில இருந்து கீழ பதினேழு கொண்டை ஊசி வளைவு. பதினேழையும் தாண்டினா மேடை, மாலை, மைக்செட். ஓடிப்போய்ப் புதூருக்குப் போன் போட்டாரு.

"மத்தியானம் வர்றோமுங்க. ஆமா, சாமியே கூட வர்றாங்க. மேளம் சொல்லிருங்க!"

*

காரைச் சமதரையில நிறுத்தினாங்க. முன் சக்கரத்துக்கு ரெண்டு கல்லை அண்டக் குடுத்தாங்க. ஹேண்ட் பிரேக்கை விட்டாங்க. ஜாக்கி போட்டுத் தூக்கி, பீச்சாங்கைப் பக்கத்துப் பின் சக்கரத்தைக் கழட்டி, அதுக்கு நேரா ஒரு கோணிச் சாக்கை விரிச்சு சாமி உக்காந்தாங்க.

"இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் நீங்க. நான் முடிக்கற வரைக்கும் அதைப் பிரிக்காதீங்க."

"சரிங்க. பேசாமப் பாத்துக்கறேனுங்க."

"பாருங்க."

சக்கரத்தை எடுத்துட்டா உள்ள டிரம்மு. கவுத்துப் போட்ட குண்டா மாதிரி இருக்கும். அது துருப் பிடிச்சு வரவே மாட்டேன்னுச்சு. சாமி மரச்சுத்தியால சுத்திச் சுத்தித் தட்டினாங்க. டொக். டொக். டொக். கோபமும் இல்ல, அவசரமும் இல்ல. ஒம்பதாவது தட்டுல டிரம்மு கழண்டு கைக்கு வந்துச்சு.

பொங்கியண்ணன் மனசுக்குள்ள எழுதிக்கிட்டாரு. ஒம்பது தட்டு.

உள்ள கறுப்பா மாவு மாதிரித் தூசி. சாமி வாயால ஊதல. ஈரத்துணியால ஒத்தி ஒத்தி எடுத்தாங்க.

எழுதிக்கிட்டாரு. ஊதக் கூடாது, ஈரத்துணி.

டிரம்முக்கு உள்ள அரை வட்டமா ரெண்டு பிரேக் கட்டை, ரெண்டையும் சேத்துப் பிடிக்க ஸ்ப்ரிங்குங்க. நாம கால்ல மிதிச்சா கட்டை ரெண்டும் விரிஞ்சு டிரம்மை உள்ள இருந்து பிடிக்கும். சக்கரம் நிக்கும். அவ்வளவுதான் சங்கதி. பழைய கட்டையில லைனிங் அப்பளம் கனத்துக்குத் தேஞ்சு கெடந்துச்சு.

புதுக் கட்டை டப்பாவுல நாலு. இரும்பு நாலும் ஒரே அளவு. மேல ஒட்டியிருக்கற லைனிங்தான் ரெண்டுல நீளம், ரெண்டுல குட்டை. சக்கரத்துக்கு ஒரு நீளம், ஒரு குட்டை.

சாமி குட்டையைப் பீச்சாங்கைப் பக்கம் வெச்சாங்க. நீளத்தைச் சோத்தாங்கைப் பக்கம் வெச்சாங்க.

எழுதிக்கிட்டாரு.

குறடால ஸ்ப்ரிங்கை இழுத்து மாட்டின நேரத்துல ஒரு கொசு சாமி கழுத்துல வந்து உக்காந்துச்சு. ஒரு கையால பட்டுன்னு அடிச்சாங்க.

எழுதிக்கிட்டாரு.

டிரம்மை மாட்டி, சக்கரத்தை மாட்டி, கையால ஒரு சுத்து விட்டுப் பாத்தாங்க.

"ம்ம்." பானை மூடி.

"சோத்தாங்கைப் பக்கம் உங்களுது"ன்னாங்க. நேரா முருங்க மரத்தடிக்குப் போயி, துண்டை மூஞ்சியில போட்டுக்கிட்டுப் படுத்துட்டாங்க.

*

பொங்கியண்ணன் சாக்கைத் தூக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் விரிச்சாரு. சாமி மாதிரியே சம்மணம் போட்டாரு. சாமி மாதிரியே ஒருக்கா இருமினாரு.

மரச்சுத்தியை எடுத்தாரு. டொக், டொக், டொக், டொக். நாலாவது தட்டுலயே டிரம்மு லூசாகிருச்சு. அதுக்காக விட்டுருவாரா? இன்னும் அஞ்சு தட்டி, ஒம்பதை முடிச்சுட்டுத்தான் கழட்டினாரு.

ஈரத்துணியால ஒத்தினாரு. அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு.

பழைய கட்டை ரெண்டும் மாறிக் கெடந்துச்சு. பீச்சாங்கைப் பக்கம் நீளம். சோத்தாங்கைப் பக்கம் குட்டை.

"அட கிறுக்கா!"ன்னாரு, முன்ன மாட்டினது எவனோ அவனை நெனச்சு. "கண்ணை எங்க வெச்சுக்கிட்டு மாட்டினியோ! சாமி வண்டின்னு ஒரு பயம் வேண்டாமா? அதானே பாத்தேன், சாணிக் குழிக்கு ஏன் போகுதுன்னு!"

குட்டையைப் பீச்சாங்கைப் பக்கம் வெச்சாரு. நீளத்தைச் சோத்தாங்கைப் பக்கம் வெச்சாரு. பாத்தாரு. அச்சு அசலா சாமி வெச்ச மாதிரியே இருந்துச்சு.

ஸ்ப்ரிங் மாட்டற நேரம் வந்துச்சு. கொசு வரல.

கொஞ்ச நேரம் கழுத்தை நீட்டிக்கிட்டுக் காத்திருந்தாரு. அப்பவும் வரல. சரின்னுட்டு சும்மாவே கழுத்துல பட்டுன்னு அடிச்சுக்கிட்டாரு. அந்த அதிர்ச்சியில ஸ்ப்ரிங் குறடை விட்டு எகிறி, "டிங்ங்ங்"குன்னு பறந்து போயி, முருங்க மரத்தடியில சாமி காலுகிட்ட விழுந்துச்சு.

சாமி துண்டை எடுக்கல.

பொங்கியண்ணன் பூனை மாதிரிப் போயி அதைப் பொறுக்கிட்டு வந்து மாட்டினாரு. டிரம்மை மாட்டினாரு. சக்கரத்தை மாட்டினாரு. ஒரு சுத்து விட்டாரு.

"ம்ம்"னாரு. பானை மூடி. அப்பழுக்கில்லாத பானை மூடி.

துண்டுக்கு உள்ள இருந்து சாமியும் "ம்ம்"னாங்க.

அது மாடு அசை போடற "ம்ம்". இவரு கவனிக்கல.

*

வாசல்ல மெதுவா உருட்டி மிதிச்சுப் பாத்தாரு. நின்னுச்சு. சாணிக் குழிக்கு இக்கட்டாலயே நின்னுச்சு.

"சாமி! நிக்குதுங்க!"

சாமி முன் சீட்டுல ஏறினாங்க. கடலைக்காய்ப் பையை மடியில வெச்சுக்கிட்டாங்க. சோத்தாங்கையை ஹேண்ட் பிரேக் மேல வெச்சுக்கிட்டாங்க. கடலைக்காயை ஒத்தைக் கையால உடைக்க ஆரம்பிச்சாங்க.

"மெதுவாப் போங்கண்ணா."

மொத வளைவு. மிதிச்சாரு. காரு மூக்கு லேசாப் பீச்சாங்கைப் பக்கம் போச்சு. ரோடு சரியில்லன்னு நெனச்சாரு.

ரெண்டாவது வளைவு. மிதிச்சாரு. மறுபடியும் போச்சு. காத்து அடிக்குதுன்னு நெனச்சாரு.

நெனச்சுக்கிட்டே, புதூர் மேடையில மொதல்ல எந்த "ம்ம்" போடறதுன்னு யோசனை பண்ணிட்டு வந்தாரு.

மூணாவது வளைவுல எதுத்தாப்புல பஸ்ஸு. "பாஆஆஆம்ம்ம்!"

பொங்கியண்ணன் ஏறி மிதிச்சாரு. காரு நிக்கறதுக்குப் பதிலா, மாட்டுக் கயித்தைப் பிடிச்சு எவனோ இழுக்கற மாதிரி பீச்சாங்கைப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு. அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடிச்ச கல்லு. கல்லுக்கு அந்தாண்ட ஒண்ணுமில்ல. கீழ, ரொம்பக் கீழ, மரத்தோட உச்சந்தலை தெரிஞ்சுது.

சாமி ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினாங்க.

கல்லுக்கு ஒரு சாண் இருக்கறப்ப காரு நின்னுச்சு.

பஸ் கண்டக்டர் தலையை வெளிய நீட்டினாரு. "யோவ் பெருசு! பள்ளத்துல வீடு கட்டப் போறியா?"

முப்பது வருசமா பொங்கியண்ணன் மத்தவங்களைத் திட்டின அதே திட்டு. இன்னைக்குத்தான் அது எப்படி இருக்கும்னு காதுல கேட்டாரு.

பஸ்ஸு போயிருச்சு. கை ஸ்டியரிங்கை விடல. 

"சாமி…"

"ம்ம்."

"இழுக்குதுங்க."

"எக்கட்டால?"

"பீச்சாங்கைப் பக்கமுங்க."

"அப்ப எந்தப் பக்கம் பிடிக்கல?"

பொங்கியண்ணன் கையை ஸ்டியரிங்ல இருந்து எடுத்தாரு.

"என் பக்கமுங்க."

*

அந்த வளைவுலயே வண்டிங்க ஒதுங்கறதுக்குக் கொஞ்சம் சமதரை இருந்துச்சு. உருட்டிக் கொண்டு போயி, சக்கரத்துக்குக் கல்லு குடுத்து, ஜாக்கி போட்டாங்க.

சாமி சுண்ணாம்புக் கல்லு மேல உக்காந்துக்கிட்டாங்க. குரங்கு ஒண்ணு வந்து பக்கத்துல உக்காந்துச்சு. அதுக்கும் ஒரு கடலைக்காய் குடுத்தாங்க. அது உடைச்சு, தோலை ஊதி, வாயில போட்டுக்கிச்சு.

பொங்கியண்ணன் குரங்கைப் பாத்தாரு. குரங்கு பொங்கியண்ணனைப் பாத்துச்சு.

அவரு அவசரமா டிரம்முப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

டிரம்மைக் கழட்டினாரு. பாத்தாரு. மறுபடியும் பாத்தாரு.

"தப்பே இல்லீங்களே! நீங்க பண்ணினது அத்தனையும் பண்ணினேன். ஒம்பது தட்டு. ஈரத்துணி. குட்டை பீச்சாங்கைப் பக்கம், நீளம் சோத்தாங்கைப் பக்கம். கொசு மொதக்கொண்டு!"

"கொசு எங்க இருந்துச்சு?"

"உங்க கழுத்துலீங்க."

"உங்களுக்கு?"

பொங்கியண்ணன் கழுத்தைத் தடவிக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, "முன்ன இருந்ததுதானுங்க தப்பு. எவனோ ஒரு கிறுக்கன் ரெண்டையும் மாத்தி…"

"நாலு வருசம் முந்தி"ன்னாங்க சாமி. "மாட்டினது நான்."

பொங்கியண்ணன் நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. கிறுக்கன்னு சொன்னது, கண்ணு எங்கன்னு கேட்டது, எல்லாம் முருங்க மரத்தடி வரைக்கும் கேட்டிருக்குமேன்னு இப்பத்தான் தோணுச்சு.

சாமி ஒரு கடலைக்காயை உடைச்சாங்க.

"நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தப்ப, என் பீச்சாங்கைப் பக்கம் என்னங்ணா இருந்துச்சு?"

"குட்டைக் கட்டைங்க."

"அதுக்கு அக்கட்டால?"

பொங்கியண்ணன் கண்ணை மூடி நெனச்சுப் பாத்தாரு. "கதவுங்க. அப்புறம் முன் சக்கரம். அப்புறம் வண்டி மூக்கு."

"இப்ப உங்க பீச்சாங்கைப் பக்கம் பாருங்க."

திரும்பினாரு.

வண்டியோட செவப்பு வால் லைட்டு இருந்துச்சு. அதுக்கு அக்கட்டால வந்த ரோடு.

மறுபக்கம் திரும்பினாரு. சோத்தாங்கைப் பக்கம், தூரத்துல, வண்டி மூக்கு.

வாய் தெறந்தபடியே இருந்துச்சு. அதுல இருந்து ஒரு "ம்ம்" கூட வரல.

குரங்கு எந்திரிச்சுப் போயிருச்சு.

*

கட்டை ரெண்டையும் கழட்டி மாத்தினாரு. குட்டை மூக்குப் பக்கம், நீளம் வால் பக்கம்.

ஸ்ப்ரிங் மாட்டறப்ப நெசமாவே ஒரு கொசு வந்து காது மடல்ல உக்காந்துச்சு. ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு. கடிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டாரு.

மிச்சம் பதினாலு வளைவு. ஒவ்வொண்ணுலயும் மிதிச்சாரு. நூல் பிடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு. சாமி கையை ஹேண்ட் பிரேக்ல இருந்து எடுத்துட்டாங்க. இப்ப ரெண்டு கையால உடைச்சாங்க.

பொங்கியண்ணன் வாயைத் தெறக்கல. எட்டு வருசத்துல இவ்வளவு தூரம் அவரு பேசாம வந்ததில்ல.

பதினோராவது வளைவுல கேட்டாரு.

"சாமி, அன்னைக்கு மாரப்பன் வந்தப்ப நீங்க இருந்திருந்தா, என்னங்க சொல்லியிருப்பீங்க?"

"தெரியாதுங்ணா."

"தெரியாதுங்களா?"

"நான் அவரைப் பாக்கலையே."

*

மலை முடிஞ்சு ரோடு ரெண்டாப் பிரிஞ்சுது.

பீச்சாங்கைப் பக்கம் புதூர். மேளம் கேட்டுச்சு. மைக்கை எவனோ டப் டப்புன்னு தட்டி, "ஹலோ… ஹலோ… ஒண்ணு, ரெண்டு… சாமி வந்துக்கிட்டே இருக்கிறார், சாமி வந்துக்கிட்டே இருக்கிறார்"னு கத்தினான்.

சோத்தாங்கைப் பக்கம் மாரப்பன் ஊரு. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல.

பொங்கியண்ணன் மிதிச்சாரு. காரு ரோட்டு நடுவுல நேரா நின்னுச்சு.

"எக்கட்டாலீங்ணா?"

மேளம் இன்னும் வேகம் பிடிச்சுது.

பொங்கியண்ணன் துண்டால மூஞ்சியைத் தொடச்சாரு. இண்டிகேட்டரைப் போட்டாரு. டிக், டிக், டிக்.

சோத்தாங்கைப் பக்கம் திருப்பினாரு.

*

மாட்டுக் கொட்டாய் இருந்த சந்து முக்குல காரை நிறுத்தி எறங்கினாரு. எறங்கினதும் சாமி நகந்து வந்து டிரைவர் சீட்டுல உக்காந்தாங்க.

"எங்கீங்க சாமி?"

"புதூருக்கு. மாலையோட நிப்பாங்க. தகவல் சொல்லோணுமல்ல?"

"என்னன்னுங்க சொல்லுவீங்க?"

"அவரு போயிட்டாருன்னு."

"நானா? நான் எங்கீங்க போயிட்டேன்?"

காரு கெளம்பிருச்சு. சந்துத் திருப்பத்துல பின் லைட்டு ரெண்டும் செவப்பா எரிஞ்சு, அணைஞ்சுது.

*

மாரப்பன் கொட்டாயில கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாரு. தலையில கட்டு. இவரைப் பாத்ததும் எந்திரிக்கல.

"வாங்க சாமி, வாங்க. இன்னொரு வாட்டி தட்டச் சொல்ல வந்தீங்களா? பாருங்க, இந்தப் பக்கம் தையல் போட இன்னும் எடம் இருக்குது."

பொங்கியண்ணன் கை தானா மூக்கு நுனிக்குப் போச்சு.

பாதி வழியில நின்னுச்சு. கீழ எறங்கிருச்சு.

மாரப்பனுக்கு எதிர்ல நின்னுக்கிட்டு இருந்தவரு, கட்டிலைச் சுத்திக்கிட்டு நடந்து, அவரு தோளுக்குப் பக்கத்துல போயி நின்னாரு. மாரப்பன் எங்க பாத்துக்கிட்டு இருந்தாரோ அங்கயே இவரும் பாத்தாரு.

வாசலைத் தாண்டிப் பத்தடி. அங்கமுத்து வீட்டுக் கதவு. சாத்தியிருந்துச்சு.

கன்னுக்குட்டி ஒண்ணு "ம்மா"ன்னுச்சு.  வெயிலு கட்டில் கால் வரைக்கும் வந்துச்சு.

அப்புறம் பொங்கியண்ணன் பேசினாரு. அது பாவாயி சாமி குரல் இல்ல. டிக்கெட் கேக்கற குரலும் இல்ல. கொஞ்சம் கரகரன்னு, நாள்கணக்கா வெளிய எடுக்காம வெச்சிருந்த மாதிரி இருந்துச்சு.

"இங்கிருந்து பாத்தா…"

"பாத்தா?"

"தாழ்ப்பாள் உள்பக்கந்தானுங்க இருக்குது. தெறந்துக்கிட்டு வர வேண்டியது அவருதானுங்க."

மாரப்பன் நிமிந்து அவரைப் பாத்தாரு. கட்டில்ல நகந்து எடம் விட்டாரு.